இன்னும் ஒரு வாரம்

மொட்டைமாடிச் சுவரின் வெடிப்பில் முளைத்திருந்த அரசங்கன்றைப் படமெடுக்க, ஓவியக் கல்லூரி மாணவி நிலோஃபர் ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி வந்தாள். அவள் வேலை முடியும்வரை வெட்டுவதில்லை என்று வீட்டுக்காரி வனஜா சொல்லியிருந்தாள். இப்போது கன்று இடுப்புயரம். நேற்றைய மழை வீட்டுக்குள் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது.

“முடிஞ்சுதாம்மா?” வனஜா கையில் அரிவாளோடு நின்றாள்.

“இன்னும் ஒரே ஒரு வாரம்க்கா.”

படங்களைக் கல்லூரியில் கொடுத்து, மதிப்பெண்ணும் வாங்கி மூன்று மாதமாகிறது. நிலோஃபர் அலுப்போடு கேமராவைக் கண்ணருகே தூக்கி நாலைந்து தடவை அழுத்தினாள்.

வனஜா அரிவாளைக் கீழே வைத்தாள். நிரம்பியிருக்கும் வாளியை மாற்றப் படியிறங்கும்போது சொன்னாள்:

“அடுத்த வாரமாச்சும் அந்தக் கேமரா மூடியக் கழட்டிட்டு எடும்மா.”