அடுப்படியில் ஒரு நாற்காலி

“இதை எதுக்குப்பா சமையல்கட்டுல போட்டு வெச்சிருக்கீங்க?”

சரிதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் கை வைத்த மர நாற்காலி ஒன்று நின்றது. நாலு காலுக்கும் அடியில் கட்டை கொடுத்து உயரமாக்கியிருந்தார் அப்பா குழந்தைவேல்.

“உங்கம்மாவுக்குத்தான்” என்றார் அவர், நாற்காலி ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தபடி.

அம்மா விருத்தாம்பாளுக்கு இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. நாளைக்கு டிஸ்சார்ஜ். சரிதா சென்னையிலிருந்து காலையில்தான் வந்து இறங்கியிருந்தாள்.

வந்ததும் அப்பாவை மெச்சத்தான் செய்தாள். கட்டில் ஹாலுக்கு வந்திருந்தது. தடுக்கிவிடும் என்று கால்மிதிகளையெல்லாம் சுருட்டிப் பரணில் போட்டிருந்தார். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி. முப்பத்தாறு வருஷம் மைன்ஸில் மிஷின் ஓட்டின மனுஷன், வேலையில் ஒரு நூல் பிசகவில்லை.

சமையல்கட்டுக்குள் நுழைந்ததும்தான் அவளுக்குச் சுருக்கென்றது.

மேல் தட்டில் இருந்த டப்பாக்களெல்லாம் மேடைக்கு இறங்கியிருந்தன. அரிவாள்மனையைக் காணோம். அதற்குப் பதிலாகப் புதுக் கத்தி, புதுப் பலகை.

“தரையில உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு இல்ல? அதான் கத்தி வாங்கியாந்தேன்” என்றார் அப்பா பெருமையாக.

“அதாவது, அம்மா இந்த நாற்காலியில உக்காந்து காய் நறுக்கணும். எட்டுற டப்பாவை எடுத்துத் தாளிக்கணும். அப்படித்தானே?”

“அப்படி இல்ல பாப்பா…”

“ஆறு வாரம் வாக்கரைப் பிடிச்சுதான் நடக்கணும்னு சொல்லியிருக்காங்க. உங்களுக்கு வாய்க்கு ருசியா ஆக்கிப்போட ஆள் வேணும். அதுக்குத்தானே, நான் சென்னைக்குக் கூட்டிட்டுப் போறேன்னதுக்கு நீங்க ஒத்துக்கல? பேசாதீங்கப்பா. நான் பார்க்காததா?”

பார்த்தவள்தான்.

அப்பா ரிடயராகி வடக்குத்து கிராமத்தில் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு வருவதற்கு முன்னால், டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் அவள் வளர்ந்த காலம் முழுக்க அம்மா நின்ற இடம் அடுப்படி. ஏ ஷிப்ட் என்றால் விடியும் முன்னே இட்லி, தூக்கில் மத்தியானச் சோறு. பி ஷிப்ட் என்றால் பதினொன்றரைக்கே வடித்த சோறு சுடச்சுட. சி ஷிப்ட் முடிந்து வரும் காலைகளில், கம்பெனி பஸ் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் தோசைக்கல் அடுப்பில் ஏறிவிடும். அப்பா செருப்பைக் கழற்றும்போது முதல் தோசை தட்டில் விழும்.

இரண்டாவது தோசை சரிதாவுக்கு. அந்த முறுகல் வாசனைக்கு எழுந்துகொண்ட காலைகளை நினைத்தால் அவளுக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கும். அதன்பிறகு எந்த ஊரிலும் அப்படியொரு தோசையை அவள் தின்றதில்லை.

“இனிமேலாவது அம்மா ஓய்வெடுக்கட்டும்பா. இதை நான் ஹாலுக்குத் தூக்கிட்டுப் போறேன்” என்று நாற்காலியில் கை வைத்தாள்.

“வுட்டுடு பாப்பா. அங்கயே இருக்கட்டும்.” அப்பா குரலை உயர்த்தவில்லை. நாற்காலியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “சமைக்கப்போறது நானு.”

சரிதாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “நீங்களா? சீரகம் எது, சோம்பு எதுன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது. அதான் டப்பாவெல்லாம் கீழ எறக்கி வெச்சிருக்கேன். எது எதுன்னு அவ கை காட்டுவா இல்ல?” அப்பா வெட்கப்பட்டது போலத் தலையைச் சொறிந்தார். “அவ ஆஸ்பத்திரியில இருந்த இந்தப் பத்து நாளுல மூணு வாட்டி ரசம் வெச்சுப் பார்த்தேன். மூணையும் கொட்டிட்டேன்.”

“அம்மா ஹால்ல படுத்துகிட்டே சொல்லிட்டுப் போறாங்க. அதுக்கு எதுக்கு இங்க நாற்காலி?”

“உங்கம்மாவைப் பத்தி உனக்குத் தெரியாதா? நான் இங்க பாத்திரத்தை உருட்டிக்கினு இருந்தா, அவ அங்க சும்மா படுத்துக்கினு இருப்பாளா? வாக்கரைக்கூட வுட்டுட்டு எழுந்து ஓடியாருவா. திரும்ப வுழுந்துடுவா. இங்கயே உக்கார வெச்சிட்டா, அவ பாட்டுக்கு அதிகாரம் பண்ணிக்கினு இருப்பா. அவ இன்சார்ஜ், நான் ஹெல்பர்.”

சொல்லிவிட்டு நாற்காலிக் கையைத் துண்டால் துடைத்தார்.

“முப்பத்தாறு வருஷம் அவ ஆக்கின சோத்தை உக்காந்து தின்னிருக்கேன் பாப்பா. அடுப்புகிட்ட அவ உக்காந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்ல.”

சரிதா நாற்காலியிலிருந்து கையை எடுத்தாள். இத்தனை நேரம் பேசிய பேச்சையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாதா என்றிருந்தது.

“அதுக்காக உன்னோட அனுப்ப மாட்டேன்னு பிடிவாதம் பிடிக்கல” என்றார் அப்பா. “கூட்டிக்கினு போறதுன்னா போ. என்னைவிட நீ நல்லாத்தான் பார்த்துப்ப. அங்க அவளுக்கு என்னென்ன ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கன்னு மட்டும் சொல்லு. அவ கேப்பா.”

சரிதா செல்போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். சென்னைக்குப் போன் போட்டாள்.

“விஜயாக்கா, நான் சரிதா பேசறேன். எங்க அம்மா அங்க வந்துடுவாங்க, ஒண்ணாம் தேதியிலேர்ந்து நீங்க சமைக்க வர வேணாம்னு சொல்லியிருந்தேன் இல்ல… வேலையை விட்டுடாதீங்கக்கா. நீங்களே வாங்க.”