மூடி போட்ட தொலைநோக்கி

கொல்லைப்புறத்தில் நின்று மரியசெல்வி தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். ஒமேகா சென்டாரி என்னும் அந்த நட்சத்திரக் கொத்து, உருண்டு திரண்டு, வழக்கம்போல லட்சம் புள்ளிகளாய் ஜொலித்தது. ஆசை தீரப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள், முன்பக்க மூடியைக் கழற்றவே இல்லை.

அப்படியென்றால் தெருப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி இத்தனை வருஷம் அவள் காட்டியதெல்லாம் வெறும் படம்தானா? வந்த ஆத்திரத்தில் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, தொலைநோக்கிக்குள் இருந்த, காட்சியை மெருகேற்றும் சிப்பைப் பிடுங்கி எறிந்தாள்.

சிப் கழன்ற தகவல் தானாகவே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்; மறுநாள் சாயங்காலமே, தொலைநோக்கியை வாடகைக்குத் தந்த கம்பெனியின் ஆள் தாமோதரன் வந்துவிட்டான்.

"சிப் இல்லாம பார்க்கக் கூடாதுங்க மேடம். மாட்டலைன்னா கருவியையே எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"முதல்ல பாருங்க. அப்புறம் பேசலாம்."

இருட்டும்வரை அவனை உட்கார வைத்து, மூடியைக் கழற்றிவிட்டுக் காட்டினாள்.

"என்னங்க இது, கோலமாவு சிந்தின மாதிரி மங்கலா இருக்கு? சிப்போட பார்த்தா எவ்வளவு அழகா இருக்கும்!"

மரியசெல்வி முன்னால் போய் மூடியை மாட்டினாள். "இப்ப?"

"ஒண்ணும் தெரியலைங்க. ஒரே இருட்டு."

"அப்படித்தான் இருக்கணும்!" என்று அவனுக்கும் தொலைநோக்கிக்கும் நடுவில் வந்து நின்றாள். "இது மேல கை வெச்சுடாதீங்க. மூடி போட்டா மறையுற நட்சத்திரம்தான் எனக்கு வேணும்னு உங்க கம்பெனியில போய்ச் சொல்லுங்க."