கடல் பக்கத்து அறை

"ஒனக்குக் காது இரிக்கா, இல்லியா கமீலா?"

இன்ஷிரா ஆங்கிலப் புத்தகத்தைப் பாயில் எறிந்தாள். கமீலா தன் தாளைப் பார்த்தாள். எல்லாம் சரி. ஏழாவது கேள்வி மட்டும் இன்றைக்கும் பிழை.

"ஹோட்டலுக்குப் போன் பண்ற வெள்ளக்காரி எந்த ரூம் கேக்கிறாள்? எவ்வளவு தெளிவா வாசிச்சன்! நீ என்ன எழுதி வெச்சிரிக்காய்? மேல்மாடி, பின்பக்கம்!"

"கேட்டிச்சு மச்சி. கடல் பக்கம் எண்டுதான் சொன்னாள். ஆனா அந்த ரூமுக்கு வாடக கூட எண்டு ஹோட்டல்காரன் சொல்றான். கூடக் குடுத்து ஆருகா கடல் பக்கம் படுப்பாங்க? அவள் மனச மாத்தியிரிப்பாள் எண்டு நெனச்சன்."

"அவள் மாத்தல்ல, நீதான் மாத்துறாய்! அவள் கடலப் பாக்கத்தானே இவ்வளவு தூரம் வாறாள். ஒனக்குப் பயம் எண்டா அவளுக்கும் பயமா? சுனாமி வந்து அஞ்சு வருஷம் போயிட்டு. சண்டையும் முடிஞ்சிட்டு. அறுகம்பேயில வெள்ளக்காரன் அலைக்கு மேல பலகையப் போட்டு ஓடுறான். நீ இன்னும் பின்பக்கத்துல ஒளிச்சிக்கிட்டு இரி!"

கமீலா ஏழாவது விடையை வெட்டினாள். மாமி மகள்தான், ஒரே வயதுதான். ஆனால் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் இன்ஷிரா. வாங்கி இரண்டு வருடமாகச் சும்மா இருப்பவளும் அவள்தான். கோபம் வராமல் என்ன செய்யும்?

விடிந்தால் இருவருக்கும் பரீட்சை. கல்முனையில் புதிதாகத் திறந்த பயண முகவர் கந்தோரில், வெளிநாட்டுக்காரர் போனில் கதைப்பதை விளங்கி எழுதும் வேலை. இரண்டே இடம். இன்ஷிராவுக்குக் கிடைக்காவிட்டால் அவளுடைய உம்மா ஸாலிஹா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவார். பாஸ்போட் ஏற்கெனவே ஏஜென்சிக்காரனிடம் போய்விட்டது. தடுக்க வாப்பா இல்லை. வாப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது.

"நாளைக்குப் பெயிலானா எங்க உம்மா அரபிட கக்கூசு கழுவணும். என்ட டிகிரியக் கரைச்சிக் குடிக்கவா?" என்றாள் இன்ஷிரா. "ம், எழுது. கடல் பக்கம்."

கமீலா எழுதினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மச்சி, புத்தகத்தோட வந்த சீடியப் போட்டு ஒருக்காக் கேப்பமே? நாளைக்கு வெள்ளக்காரன்ட குரல்தானே வரும். ஒன்ட குரல் வராதே."

"அது கீறல் விழுந்த சீடி."

"முதல் ரெண்டு கதையும் நல்லாத்தானே ஓடிச்சு?"

"மூணாவதுல நிக்கும் எண்டு சொல்றன்! நான் வாசிக்கிறது ஒனக்கு விளங்கல்லியா? பெரிய மகாராணி, சீடி கேக்காளாம்!"

மறுநாள் கந்தோரின் கீழ்த்தளத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். இன்ஷிரா கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"முன்னுக்கு இடம் இரிக்கு, வாவன்," என்றாள் கமீலா.

"எனக்கு இஞ்சயும் காது கேக்கும். நீ ஒன்ட ஏழாவதப் பாரு."

கமீலா பேனாவின் மூடியைக் கழற்றி வைத்தாள். வாய்க்குள் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டாள். மனேஜர் சீடியை எடுத்து உயர்த்திக் காட்டினார். அதே புத்தகத்துச் சீடி! அதே மட்டை! கமீலாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். இன்ஷிரா சிரிக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் உரையாடல் விமான நிலையம். அடுத்தது பஸ் டிக்கெட். இரண்டும் தண்ணீர் பட்ட பாடு.

மூன்றாவதில் ஆங்கிலம் வருவதற்கு முன்னால் அலை வந்தது. கடற்கரை ஹோட்டல் என்று காட்டப் போட்ட சத்தம். இரண்டு மூலையிலும் இருந்த ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து எழும்பி, உருண்டு, மண்டபம் அதிர விழுந்தது. சீடி எங்கேயும் நிற்கவில்லை. வெள்ளைக்காரி அறை கேட்டாள்.

'அவளுக்கும் பயமா?' என்று இன்ஷிரா காதுக்குள் ஏசுவது போலிருந்தது. கமீலா பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி எழுதினாள்: கடல் பக்கம்.

ஏசி ஏசிப் படிப்பித்தவளிடம் காட்டுவதற்காகப் பெருமையோடு திரும்பினாள். கதவருகே கதிரை கவிழ்ந்து கிடந்தது. அதனடியில் இன்ஷிராவின் செருப்பு இரண்டும் அப்படியே கிடந்தன.

வெளியே மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டில் வெறுங்கால்கள் ஓடும் சத்தமும், அதற்கு மேலாக அவளுடைய அலறலும் கேட்டன: "எழுதாதகா கமீலா! எழும்பி ஓடு! மேல ஏறு, மேல ஏறு!"