டார்ச் பிடித்தவர்

மீன் தொட்டிக்குக் கீழே இருந்த மர அலமாரிக்குள் தோள்வரை நுழைந்து பம்பைத் தடவிக்கொண்டிருந்தேன். வாயில் டார்ச்.

"குடுங்க, நான் பிடிக்கிறேன்."

திரும்பினேன். நாற்பது வயதிருக்கும். கசங்கிய சட்டை, மழிக்காத முகம். மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து வந்தவர் அவர் ஒருவர்தான்.

கொடுத்தேன். வாய்க்கு விடுதலை. பேச்சுத் துணை கிடைத்துவிட்டால் என் கை தன்பாட்டுக்கு வேலை செய்யும்.

கீழே வடிகிற தண்ணீரை மறுபடி மேலே தொட்டிக்கு அனுப்புகிற பம்பு அது. தொட்டி வைத்த நாளிலிருந்து ஓடி ஓடி, அன்று காலை நின்றுவிட்டது. மீன்களுக்கு பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாயைப் போட்டுவிட்டு, பம்பைக் கழற்றி வெளியே எடுத்தேன்.

"அவ்வளவுதானா? புதுசுதான் வாங்கணுமா?"

"அதெல்லாம் இல்ல சார். செத்த மாதிரி நடிக்குது. உள்ள உசுரு இருக்கு, எழுப்பி விடுறேன் பாருங்க."

அவர் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு வீட்டிலேயே யாரும் சிரிப்பதில்லை. விட்டுவிட்டேன்.

மூடியைத் திருகி உள்ளே சுழலும் விசிறியை உருவினேன். சுண்ணாம்பு ஏடு ஏடாகப் படிந்திருந்தது. விசிறியைத் தாங்கும் பீங்கான் தண்டும் தேய்ந்து போயிருந்தது. வாளியில் வினிகர் ஊற்றி, விசிறியை ஊறப் போட்டேன்.

"கொஞ்ச நேரம் ஊறினா போதும்."

"நல்லா ஊறட்டும். அவசரமில்ல."

அவசரம் எனக்கு இருந்தது. இன்னும் இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும். ஆனால் உதவிக்கு வந்தவரிடம் முகத்தைக் காட்டுவதா?

ஊறியதும் பழைய டூத் பிரஷ்ஷை அவரே வாங்கிக்கொண்டார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு இதழாகத் தேய்த்தார். பிரஷ் நுழையாத இடத்தில் நகத்தால் சுரண்டினார். வாசல் கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் தலை நிமிர்ந்து, மறுபடி குனிந்தது.

"யாருக்கு சார் உடம்புக்கு?"

"தம்பிக்கு. ஆபரேஷன்."

"முடிஞ்சுதா?"

"போன வாரம். நல்லபடியா முடிஞ்சுது. இன்னிக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு நேத்து சொன்னாங்க."

"அப்புறம் என்ன சார், சந்தோஷமா இருங்க" என்றேன்.

அவர் தேய்த்துக்கொண்டிருந்தார்.

புதுத் தண்டு, புது ரப்பர் வளையம் போட்டு, விசிறியைச் செருகி மூடினேன். பம்பை இடத்தில் உட்கார வைத்து சுவிட்சைப் போட்டேன். ஒருமுறை முனகியது. பிறகு குழாய் நிறைந்து, மேலே தொட்டியில் தண்ணீர் கொட்டியது. மூலையில் ஒடுங்கிக் கிடந்த மீன்கள் ஒவ்வொன்றாக நீரோட்டத்துக்கு எதிரே வந்து நின்றன.

"ஏதோ சத்தம் வருதே. இன்னொரு தடவை கழட்டிப் பாக்கலாமா?"

ஒரு சத்தமும் இல்லை. இருந்தால் என் காதுக்குத் தப்பியிருக்காது. சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்கப் பார்க்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

வாய் திறப்பதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது. வயதானவர் ஒருவர் உள்ளே வந்தார். ஒரு கையில் புதுச் செருப்பு வைத்த பை. மறுகையில், மடிப்புக் கலையாமல் குறுக்கே போட்டிருந்த இஸ்திரி போட்ட சட்டை.

நர்ஸ் எங்கிருந்தோ வேகமாக வந்து எங்கள் அருகில் குனிந்தாள்.

"அப்பா வந்துட்டாரா சார்? நீங்க சொல்றீங்களா, டாக்டரையே சொல்லச் சொல்லவா?"

"தனியா பஸ்ல வர்றாரேன்னுதான் தம்பி தவறிட்டான்னு போன்ல சொல்லல. நானே சொல்லிடுறேன்."

எழுந்தார். கையிலிருந்த டார்ச்சை அணைக்கத் தோன்றவில்லை அவருக்கு. பட்டப்பகலில் அதன் வெளிச்சம் தரையில் விழுந்துகொண்டே போனது.

பெரியவர் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"என்னடா கையெல்லாம் ஈரம்? தம்பி கெளம்பிட்டானா?"

"மொதல்ல உக்காருங்கப்பா."

நான் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.