அசையாமல் இருபது நிமிடம்

மேடையில் ஒட்டியிருந்த டேப் குறிகளுக்குள் இரண்டு பாதங்களையும் வைத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஓவிய ஆசிரியை டார்லீன் கடிகாரத்தைத் திருகிவிட்டாள். இனி இருபது நிமிடம் அசையக்கூடாது, பேசக்கூடாது.

அதே நீலச் சட்டை, அதே தலைவாரல். படம் முடிகிற ஆறு வாரமும் மாடல் ஒரு முடியைக்கூட மாற்றக்கூடாது என்பது இந்தப் பள்ளியில் கண்டிப்பு.

எனக்கு நேர் எதிரே நின்று வரைகிறவன் என் மகன் டிரெவர்.

பிட்ஸ்பர்க்கில் பாதி வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தவன் நான். ஓவியம் படிக்கப் போகிறேன் என்று அவன் சொன்ன அன்று, "சுவத்துல அடிச்சா கூலி வரும், துணியில அடிச்சா என்னடா வரும்?" என்று கத்தினேன். கத்தியதோடு நின்றிருக்கலாம். அவனுடைய தூரிகைகளையும் ஒடித்துப் போட்டேன். போனவன்தான், ஐந்து வருடமாக ஒரு போன் இல்லை.

முகம் வரைய மாடலாக உட்கார ஆள் தேவை என்று அவன் படிக்கிற இந்தப் பள்ளி வாசலில் ஒட்டியிருந்தார்கள். உடனே பெயர் கொடுத்தேன். வேறெப்படி அவனை என் முகத்தைப் பார்க்கவைப்பது?

மூன்று வாரமாகப் பார்க்கிறான். கண்ணைச் சுருக்குகிறான், தூரிகைக் காம்பை நீட்டி என் மூக்கை அளக்கிறான். இடைவேளை வந்தால் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, காபியோடு வெளியே போய்விடுகிறான். ஒரு வார்த்தை கிடையாது.

அவன் போன பிறகுதான் நான் மீசையை எடுத்தேன். மீசையில்லாமல் அவன் என்னைக் கண்டதே இல்லை. பாவிப்பயலுக்கு அப்பனை அடையாளம் தெரியவில்லையா, தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறானா? அந்த ஒன்று தெரிந்தால் போதும் எனக்கு.

டார்லீன் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், அவன் பின்னால் நின்றுவிட்டாள்.

"கண்ணுல படறத வரை, மனசுல இருக்கறத வரையாதேன்னு எத்தனை தடவை சொல்றது? இந்த மனுஷனுக்கு மீசை எங்கப்பா இருக்கு?"

வகுப்பே சிரித்தது. துடைக்கச் சொல்லித் துணியை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

என்னைப் பார்க்காமல் அவளிடமே சொன்னான்.

"அவரை மீசை வளர்க்கச் சொல்லுங்க."

கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். கடிகாரத்தில் இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.