படத்தில் மிஞ்சிய கை

ஒரு தன்வரலாற்று நூலுக்கு விதித்த தடை அமலுக்கு வர இன்னும் நாற்பது நிமிடங்கள் இருக்கின்றன. நூலக மேசையில் சாய்வெயில் விழுகிறது. தையல்காரம்மா அந்த நூலில் பள்ளிப் படம் உள்ள பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார். கறுப்பினத்தவள் என்பதற்காக ஒரு சிறுமியைப் படத்திலிருந்து வெட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்றவளின் தோளில் அவள் கை மட்டும் மிஞ்சியிருக்கிறது. புத்தகத்தை எடுத்துப்போக வந்த அதிகாரி அட்டைப்பெட்டியைத் தட்டுகிறார். “குடுங்கம்மா. எல்லாம் கட்டுக்கதை.” “அஞ்சு மணிக்குத்தானே சார் தடை? அதுவரைக்கும் காத்து வாங்குங்க,” என்று நூலகர் மின்விசிறியைக் கூட்டிவைக்கிறார். பக்கங்கள் படபடக்கின்றன. “வெட்டினதை யாரு பார்த்தாங்களாம்?” என்கிறார் அதிகாரி. தையல்காரம்மா படத்தின் அருகே தன் கையை விரித்து வைக்கிறார். படத்துக் கையிலும் அவர் கையிலும் சுண்டுவிரல் ஒரே மாதிரி வளைந்திருக்கிறது. “இதை எழுதினவளே நான்தான் சார். அது என் கை.”