எவடம்

வந்து அரை மணித்தியாலம் ஆகியும் உருத்திரமூர்த்தி அண்ணை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

நான் வடையைக் கையில் வைத்துக்கொண்டு அதற்காகவே காத்திருந்தேன்.

பான் நகரத்தில் அவருடைய வீட்டு சோபாவில் நானும் இவரும், நடுவில் எங்கள் மகன் மதீசன். அண்ணையின் மகள் தேஜஸ்வினியைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறான். அவளும் அப்படித்தான். பெரியவர்கள் ஒருமுறை சந்தித்துக் கதைக்க வேண்டுமே என்று வந்திருக்கிறோம். இவருக்கு இப்படியான இடங்களில் வாய் எழும்பாது. கம்பளத்துப் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதைக்கிற பொறுப்பெல்லாம் என் தலையில்.

அந்தக் கேள்வி என்னவென்று எங்கள் சனத்துக்குத் தெரியும். யாரும் சாதி கேட்பதில்லை. சீச்சீ, அவ்வளவு நாகரிகம் கெட்டவர்களா நாங்கள்? “ஊரிலை எவடம்?” என்று இடத்தைக் கேட்டுத்தான் தொடங்குவார்கள். ஊரைச் சொன்னால், எந்தப் பக்கம். பக்கத்தைச் சொன்னால், எந்தக் கோயிலடி. பிறகும் சிரிப்பு மாறாது, தேத்தண்ணியும் வரும். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட மாட்டார்கள்.

மூத்தவள் சுபானியின் சம்பந்தம் அப்படித்தான் குழம்பியது. “பிள்ளை இன்னும் படிக்கட்டும்” என்றார்கள். பிள்ளை அப்போது படித்து முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இவனுக்கும் அப்படி நடந்தால் நான் தாங்கமாட்டேன்.

“பிள்ளை, வகுப்புக்கெண்டு எழுதினதை ஒருக்காத் தமிழிலை சொல்லு. இவையும் கேக்கட்டும்” என்றார் அண்ணை.

சம்பந்தம் பேச வந்த இடத்தில் பாடமா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேஜஸ்வினி அமெரிக்க வரலாறு படிக்கிறவள். லாப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

அமெரிக்காவில் ‘வாஸ்ப்’ என்று ஒரு பெயர் இருக்கிறதாம். வெள்ளையர், ஆங்கிலேயப் பரம்பரை, புரட்டஸ்தாந்துக்காரர் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்த பெயராம். வங்கி, பெரிய பல்கலைக்கழகம், மேலிடத்துப் பதவி எல்லாம் கனகாலம் அந்தக் கூட்டத்தின் கையிலாம். கட்டுவதும் தங்களுக்குள்தானாம். கறுப்பர், யூதர், கத்தோலிக்கர் என்றால் அவர்களுடைய கிளப் வாசலோடு சரி.

நான் கத்தோலிக்கச்சி. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“எங்கட பக்கத்து வீட்டு மனிசியும் வெள்ளை, புரட்டஸ்தாந்து. அவவும் அதுக்கை வருவாவோ?” என்று அண்ணை கேட்டார்.

“இல்லையப்பா. தோலும் சேர்ச்சும் மட்டும் காணாது. அங்கத்தை ஏழை வெள்ளைக் கமக்காரனை ஒருத்தரும் அந்தப் பேராலை நினைக்கமாட்டினம். ஆரின்ரை பிள்ளை, எந்தப் பள்ளிக்கூடம், அதுதான் கணக்கு.”

இன்னொன்றும் சொன்னாள். அந்தப் பெயரைச் சொல்வது பெரும்பாலும் மற்றவர்களாம். அவர்கள் தங்களை ‘நல்ல குடும்பம்’ என்று மட்டும்தான் சொல்லிக்கொள்வார்களாம். புது ஆள் ஒருவர் வந்தால், கோடைக்கு எந்த ஊருக்குப் போவீர்கள் என்று சாதாரணமாகக் கேட்பார்களாம். வருகிற பதிலிலேயே ஆளை அளந்துவிடுவார்களாம்.

அண்ணை தொடையில் தட்டிச் சிரித்தார்.

“என்ன சனமப்பா!”

சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே வாயோடு என் பக்கம் திரும்பினார்.

“அது சரி, ஜசிந்தா தங்கச்சி, நீங்கள் எவடம்...”

தேஜஸ்வினி அப்பாவைப் பார்த்தாள். மதீசன் என்னைப் பார்த்தான். இவர் பூக்களை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். இருமினார். தண்ணீர் குடித்தார்.

“...எவடத்திலை கார் விட்டனீங்கள்? இஞ்சை கண்டபடி தண்டம் எழுதுவாங்கள்.”

மனிசன் பட்ட பாடு! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் இத்தனை வருசப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“சேர்ச்சுக்குப் பக்கத்திலை அண்ணை” என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த நாட்டில் யார் கேட்டாலும் “யாழ்ப்பாணம் ரவுண்தான்” என்று நகரத்தை மட்டும் சொல்லி நழுவுகிறவள் நான். அன்றைக்கு ஊரைச் சொன்னேன். பக்கத்தைச் சொன்னேன். எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை என்பது வரைக்கும் கேளாமலே சொன்னேன். வந்தது வரட்டும்.

அண்ணை கோப்பையை மேசையில் வைத்தார்.

“அப்ப வாற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடும்பமா உங்கட வீட்டை வாறம், தங்கச்சி. மத்தியானச் சாப்பாடு அங்கைதான்.”

நான் தலையாட்டினேன். வடை இன்னும் கையிலேயே இருந்தது. ஆறிப்போயிருந்தாலும் நல்ல வடை.

திரும்பும்போது மதீசன் கார் ஓட்டினான். எனக்கு அந்தப் பெட்டையை நினைக்க நினைக்கச் சந்தோசம்.

“வகுப்பிலையும் இப்பிடிப் பேசினாளெண்டால் நல்ல மாக்ஸ் குடுப்பாங்கள், என்ன?” என்றேன்.

“அது போன மாதமே பேசி முடிஞ்சுதம்மா. தாய் தேப்பனையும் கூப்பிட்டவை, மாமா முன் வரிசையிலை இருந்து கேட்டவர். வீட்டை வந்து ரெண்டு நாள் ஒருத்தரோடையும் கதைக்கேல்லையாம். இண்டைக்கு உங்களுக்கு முன்னாலை திருப்பிச் சொல்லச் சொன்னதும் அவர்தான்.”

அவ்வளவும் கேட்டு, யோசித்து, ஆயத்தமாக இருந்த மனிசனுக்கும் வாய் அந்தப் பக்கம்தான் போயிருக்கிறது, பாருங்கள். பாவம். எனக்கு அவரை இன்னும் பிடித்துப்போயிற்று.

பின் சீட்டில் இருந்த இவர் அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறந்தார்.

“அவையள் நண்டு சாப்பிடுவினமோ?”